111 தோல்விகளை உட்கார்ந்து பார்ப்பது எப்படி

முதலில் ஒரு நோட்டுப் புத்தகமும், நுனியில் ரப்பர் வைத்த பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம். பேஸ்பாலில் பந்து யார் கையில் போய் முடிந்தது என்று எழுதுவதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். அவசரத்தில் தவறாக எழுதுவீர்கள், அழித்து எழுத வேண்டியிருக்கும்.

நான் இதைக் கற்றது 2013-இல், ஹூஸ்டனில். அந்த ஆண்டு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 162 ஆட்டங்கள் ஆடி 51-இல் வென்றது, 111-இல் தோற்றது. 1962-இல் பிறந்த அந்த அணிக்கு அதற்கு முன்போ பின்போ அவ்வளவு மோசமான ஆண்டு வாய்த்ததில்லை. 2011-இல் 106 தோல்விகள், 2012-இல் 107, அடுத்து 111. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவளும் நானும் முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களை மைதானத்தில் பார்த்தோம். மற்றவற்றை வானொலியில் கேட்டோம். ஆட்டங்களை ஒளிபரப்பிய தொலைக்காட்சி அலைவரிசை அந்த ஆண்டு ஊரில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு வரவில்லை, எங்கள் வீடும் அதில் ஒன்று.

தோற்கும் அணியைப் பார்க்க உட்காருகிறவர், அது ஏன் தோற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். இல்லையென்றால் ஜூன் மாதத்துக்குள் கோபம் வந்துவிடும், அந்தக் கோபம் தவறான ஆளின் மேல் பாயும். 2011 இறுதியில் ஜிம் கிரேன் அணியை வாங்கினார். ஜெஃப் லூனோ பொது மேலாளராக வந்தார். இருக்கிற நடுத்தர அணியை ஒட்டுப்போட்டு ஓட்டுவதில்லை, வயதான வீரர்களைக் கொடுத்துவிட்டு இளைஞர்களை வாங்கி அடியிலிருந்து கட்டுவது என்று முடிவு செய்தார்கள். 2013 தொடக்கத்தில் அணி முழுவதற்குமான சம்பளப் பட்டியல், யாங்கீஸ் அணியின் அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஒருவரின் ஆண்டுச் சம்பளத்தைவிடக் குறைவு. போதாததற்கு, மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் நேஷனல் லீகிலிருந்த அணியை அதே ஆண்டில் அமெரிக்கன் லீகுக்கு மாற்றிவிட்டார்கள். போ போர்ட்டர் என்ற பயிற்சியாளருக்கு அதுதான் பொறுப்பேற்ற முதல் ஆண்டு. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன்கள், இதுவரை பார்த்திராத பிட்சர்களை (பந்து எறிபவர்களை) எதிர்த்து நின்றார்கள்.

தோல்வியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தது அலுவலகம். களத்தில் நின்றவர்களில் எவரும் தோற்பதற்காக ஆடவில்லை. இந்த இரண்டையும் சீசன் முழுவதும் பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளமான 4,90,000 டாலரில் ஆடிய பையனுக்கு ஒரு மாதம் சரியாக அமையாவிட்டால் மறுநாள் காலை, அணியின் கீழ்நிலை (மைனர் லீக்) அணி இருந்த ஓக்லஹோமா சிட்டிக்கு விமானம் ஏற வேண்டியிருந்தது. அவனைப் பார்த்துக் கூச்சலிடுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றில் ஒன்று

பேஸ்பால் பார்ப்பவர்களிடம் ஒரு பழைய பேச்சு உண்டு. எவ்வளவு நல்ல அணியும் மூன்றில் ஒரு பங்கு ஆட்டங்களில் தோற்கும், எவ்வளவு மோசமான அணியும் மூன்றில் ஒரு பங்கில் வெல்லும், மிச்சம் உள்ள மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். 162-இல் மூன்றில் ஒன்று 54. எங்கள் அணி 51-இல் வென்றது, அந்தக் கணக்குக்கும் மூன்று குறைவு. 2001-இல் 116 ஆட்டங்களில் வென்ற சியாட்டில் மரைனர்ஸ்கூட 46 முறை தலை குனிந்து வீடு திரும்பியது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது பிடிபடச் சிறிது காலம் ஆகும். ஒரு தோல்வியைப் பற்றி ஒரு வாரம் பேசிப் பழகியவர்கள் நாம். இங்கே ஆறு மாதம், ஏறக்குறைய தினமும் ஆட்டம். துக்கம் கொண்டாட நேரமில்லை. ஆகவே அளவுகோலை மாற்றுங்கள். ஆட்டத்தை அலகாக வைக்காதீர்கள், ஒரு பேட்டர் ஒரு முறை வந்து நின்று போவதை அலகாக வையுங்கள். ஒன்பது பேர் ஆளுக்கு நான்கு முறை வருகிறார்கள் என்றால் ஒரே இரவில் முப்பத்தாறு சிறு கதைகள். அணி 9-2 என்று தோற்ற இரவிலும் அவற்றில் ஐந்தாறு நன்றாக முடிந்திருக்கும்.

அட்டை போடுவது

அட்டை போடுவது என்றால் ஆட்டத்தில் நடப்பதை ஒவ்வொன்றாக ஸ்கோர் அட்டையில் எழுதுவது. இதுதான் இந்தக் குறிப்பின் மையம், இங்கே நிதானமாகப் போகிறேன். எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அணியின் பழைய மைதானமான ஆஸ்ட்ரோடோம் காலத்திலிருந்து அட்டை போட்டவர் அவர்.

நோட்டின் இரண்டு பக்கங்களையும் விரித்து வையுங்கள், பக்கத்துக்கு ஓர் அணி. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒன்பது பேட்டர்களின் பெயர்கள். வலப்பக்கமாக ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்பது பத்திகள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சிறிய சாய்சதுரம், அதுதான் களம். கீழ் மூலை பேட்டர் நிற்கும் ஹோம், மற்ற மூன்று மூலைகளும் அவர் வரிசையாக ஓடித் தொட வேண்டிய பேஸ்கள். பேட்டர் முதல் பேஸைத் தொட்டால் சாய்சதுரத்தின் கீழ் வலப்பக்கக் கோட்டை அழுத்தி வரையுங்கள். இரண்டாவது பேஸுக்குப் போனால் மேல் வலப்பக்கக் கோடு. சுற்றி வந்து ரன் எடுத்தால் சாய்சதுரத்தை முழுவதும் கறுப்பாக நிரப்புங்கள்.

களத்தில் நிற்பவர்களுக்குப் பெயர் தேவையில்லை, எண்கள் போதும். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்து ஆளை வெளியேற்றினால் 6-3. மூன்று ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறிய அல்லது விட்டுவிட்ட நல்ல பந்துகள்) சேர்ந்து ஸ்ட்ரைக் அவுட் ஆனால் கே (K) என்ற ஆங்கில எழுத்து. மட்டையை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட வேண்டும்.

2013-இல் எங்கள் நோட்டு இந்த எழுத்தால் நிரம்பி வழிந்தது. ஆஸ்ட்ரோஸ் பேட்டர்கள் 1,535 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார்கள். அதுவரை மேஜர் லீகில் எந்த அணியும் ஒரே சீசனில் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. கிறிஸ் கார்ட்டர் மட்டும் 212. அதே கார்ட்டர்தான் 29 ஹோம் ரன்களும் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல) அடித்தார்.

இங்கே பெரியவர் சொல்லித்தந்த ஒரு சிறிய நுட்பம் உண்டு. கட்டத்தின் இடது மூலையில், பேட்டர் எதிர்கொண்ட ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். முடிவு மட்டும் எழுதினால் ஏப்ரல் மாதத்து ஸ்ட்ரைக் அவுட்டும் ஆகஸ்ட் மாதத்து ஸ்ட்ரைக் அவுட்டும் ஒன்றுபோலவே தெரியும். புள்ளிகள் இருந்தால் அப்படித் தெரியாது. ஏப்ரலில் மூன்றே புள்ளிகளில் கதை முடிந்த பையன் ஆகஸ்டில் எட்டுப் புள்ளிகள் நின்று அவுட் ஆனால், அவன் கெட்ட பந்துகளை விடக் கற்றுக்கொண்டான் என்று அர்த்தம். பிட்சரின் கையிலிருந்து வந்த பந்து கடைசிக் கணத்தில் வெளியே விலகப்போகிறது என்பதை அவன் கண் பிடிக்கத் தொடங்கிவிட்டது. செய்தித்தாளின் ஸ்கோர் பட்டியலில் இது இராது, உங்கள் பென்சில் நோட்டில் இருக்கும்.

ஆளைத் தேர்ந்தெடுங்கள்

அணியில் இருக்கும் எல்லோரையும் ஒரேயடியாகப் பின்தொடர முடியாது. இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உங்கள் மனதுக்குப் பிடித்தவராக இருக்கட்டும். இன்னொருவர் யாருமே பேசாத ஆளாக இருக்கட்டும்.

நான் எடுத்தது ஹோசே அல்டுவே. அப்போது அவருக்கு 23 வயது. உயரம் ஐந்தரை அடி. வெனிசுவேலாவில் தேர்வு முகாமுக்குப் போனபோது குள்ளமாக இருக்கிறாய் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மறுநாளும் போய் நின்றார். 15,000 டாலருக்கு ஒப்பந்தம் ஆனார். 2013-இல் அவருடைய பேட்டிங் சராசரி .283, அதாவது நூறு முறை அடிக்க நின்றால் இருபத்தெட்டு முறை ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸைச் சேர்வது). 35 பேஸ்களைத் திருடினார், அதாவது பிட்சர் எறியும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடித்தார். அடுத்த ஆண்டே 225 ஹிட்களுடன் .341 என்ற சராசரியில் லீகின் முதல் பேட்டர் ஆனார்.

அவர் முதல் பேஸில் நிற்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள் என்று மகளிடம் சொல்லிவைத்தேன். வலது காலைப் பார். பேஸை விட்டு ஒரு அடி, இன்னொரு அடி என்று பக்கவாட்டில் நகர்வார். கைகள் தொங்கும், விரல்கள் அசையும். பிட்சர் முன்காலைத் தூக்கி அதை பேட்டர் நிற்கும் ஹோம் பக்கம் திருப்பிய கணத்தில் அல்டுவேயின் வலது பாதம் இரண்டாவது பேஸை நோக்கித் திறக்கும். அந்தப் பாதம் திரும்பிவிட்டால் அவர் போய்விட்டார், இனித் திரும்பமாட்டார். அரங்கமே பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது “அப்பா, போகிறார்” என்று என் மகள் முன்கூட்டியே சொல்வாள். எட்டு ரன்கள் பின்தங்கிய ஓர் இரவில் அவள் அப்படிச் சொன்னதும், முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி அவளைப் பார்த்ததும் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

மகள் எடுத்தது டல்லாஸ் கைக்கெல் என்ற இடக்கைப் பிட்சர். அவருடைய தாடி பிடித்திருக்கிறது என்றுதான் முதலில் எடுத்தாள். 2013-இல் அவர் 6 வெற்றி, 10 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.15 ரன்கள் கொடுத்தார். வேகமும் கிடையாது. ஆனால் அவர் எறியும் நாட்களில் அட்டையைப் பார்த்தால் 6-3, 4-3, 5-3 என்று வரிசையாக இருக்கும். அவருடைய பந்து பேட்டரை நெருங்கும்போது சற்றே தாழும். அடிப்பவர் பந்தின் நடுவில் அடித்ததாக நினைப்பார், ஆனால் மட்டை பந்தின் தலையில் பட்டிருக்கும். பந்து தரையோடு உருண்டு உள்களத்தில் இருப்பவரின் கைக்கு வந்துவிடும். அதைத் தடுமாறாமல் பிடிக்க ஆள் வேண்டும், அந்த ஆண்டு அந்த ஆள் எப்போதும் அமையவில்லை. 2015-இல் இதே கைக்கெல் 20 வெற்றி, 8 தோல்வி, 2.48 சராசரியுடன் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். தொலைபேசியில் செய்தியைப் படித்துவிட்டு என் மகள் நேரே போய்ப் பழைய நோட்டை எடுத்துவந்தாள்.

எல்லோருக்கும் இப்படி நடக்காது. ஜூலை 12 அன்று ஜாரட் கோசார்ட் என்ற 23 வயதுப் பிட்சர் தன் முதல் ஆட்டத்தை ஆடினார். எதிரே முந்தைய ஆண்டு சை யங் விருது வாங்கிய டேவிட் பிரைஸ். கோசார்ட் எட்டு இன்னிங்ஸில் இரண்டே ஹிட்களைக் கொடுத்து 2-1 என்று வென்றார். சமையலறை மேஜையில் வானொலியை வைத்துக்கொண்டு, தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்க, நாங்கள் எழுந்து நின்று கேட்டோம். அவருடைய ஆட்ட வாழ்வு அந்த உயரத்தில் நிலைக்கவில்லை. ஆனாலும் அந்த இரவு எங்களுக்குக் குறைந்துவிடவில்லை.

எழுந்து போகாதீர்கள்

மார்ச் 31, முதல் ஆட்டம். டெக்சாஸ் ரேஞ்சர்ஸை 8-2 என்று வென்றோம். முதல் நாளை நம்பவேண்டாம். அந்த ஆண்டு ரேஞ்சர்ஸுடன் ஆடிய 19 ஆட்டங்களில் நாங்கள் வென்றது இரண்டுதான்.

இரண்டே நாள் கழித்து, ஏப்ரல் 2, செவ்வாய் இரவு. யூ டார்விஷ் எறிந்தார். வந்தவர் எல்லோரும் அவுட். 14 பேர் ஸ்ட்ரைக் அவுட். ஏழாவது இன்னிங்ஸ் முடிந்ததும் “நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, போகலாமா” என்றாள் மகள். அவளுடைய பக்கத்தில் ஒரு சாய்சதுரத்தில்கூடக் கோடு அழுந்தவில்லை, வெறும் கட்டங்கள். இன்னும் ஆறு பேர்தான், இருந்துவிட்டுப் போவோம் என்றேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், மொத்தம் இருபத்தாறு. இருபத்தேழாவது ஆளாக மார்வின் கொன்சாலஸ் வந்தார். இன்னும் ஒருவர் அவுட் ஆனால் அது பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவர்கூடப் பேஸைத் தொடாத ஆட்டம்), நூற்றுக்கணக்கில் அல்ல, இருபதை ஒட்டித்தான் அதுவரை மேஜர் லீக் வரலாற்றிலேயே நடந்திருந்தது. கொன்சாலஸ் அடித்த பந்து டார்விஷின் கால்களுக்கு நடுவே புகுந்து நடுக்களத்துக்கு ஓடியது.

மகள் பென்சிலை அழுத்திப் பிடித்து முதல் பேஸுக்கான அந்த ஒரே கோட்டை வரைந்தாள். இருபத்தாறு வெற்றுக் கட்டங்களுக்குப் பிறகு ஒரு கோடு. ஆட்டத்தில் 7-0 என்று தோற்றோம். இந்தக் குறிப்பிலிருந்து ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், கடைசி ஆள் அடித்து முடிக்கும்வரை இருக்கையை விட்டு எழாதீர்கள் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வசதிக் குறிப்புகள் சில. வார நாட்களில், மேல்தளத்தில் டிக்கெட் மலிவு. ஆட்டத்துக்கு நன்றாக முன்கூட்டியே போனால் பயிற்சியைப் பார்க்கலாம், பையன்களின் தவிப்பு அங்கேதான் தெரியும். மைதானத்துக்குள் உணவு கொண்டுபோக அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் புளியோதரை தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் முப்பது முறையும் உள்ளே போனது.

ஜூலைக்கு முன் பெயர் போட்ட சட்டை வாங்காதீர்கள்

தோற்கும் அணி, வீரர்களைப் பரிமாறிக்கொள்ளும் கெடு நாளுக்குள் (2013-இல் அது ஜூலை 31) தன் அனுபவசாலிகளைக் கொடுத்துவிடும். முதல் ஆட்டத்தில் எறிந்த பட் நாரிஸை அந்த நாளில் பால்டிமோர் ஓரியோல்ஸுக்குக் கொடுத்தார்கள். அணி அப்போது பால்டிமோரிலேயே ஆடிக்கொண்டிருந்தது. பதிலுக்கு வந்த எல்.ஜே. ஹோஸ் எதிரணியின் உடைமாற்றும் அறையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு நடந்து வந்தார். மறுநாள் நாரிஸ் எங்களுக்கு எதிராகவே எறிந்தார்.

அந்தப் பேரத்தின் ஓரத்தில் இன்னொரு பெயர் இருந்தது, மைனர் லீகில் ஆடிக்கொண்டிருந்த 19 வயது இடக்கைப் பிட்சர் ஜாஷ் ஹேடர். செய்தியில் கடைசி வரி. இத்தகைய பெயர்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கிவையுங்கள். ஹேடர் பின்னர் மில்வாக்கிக்குப் போய் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் வந்து முடித்துவைக்கும் பிட்சர்களில் லீகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவரானார், 2024-இல் ஹூஸ்டனுக்கே திரும்பி வந்தார்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை கார்பஸ் கிறிஸ்டிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனோம், மூன்றரை மணி நேரம். தோற்கும் ஆண்டில் மைனர் லீக் ஆட்டம் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும், அணியின் எதிர்காலம் அங்கேதான் வெயிலில் காய்கிறது. ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அங்கே இருந்தார். அந்த ஆண்டு இரண்டு மைனர் லீக் அணிகளிலுமாக 37 ஹோம் ரன், 45 பேஸ் திருட்டு. முந்தைய ஆண்டு, புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், முதல் ஆளாக எடுத்த கார்லோஸ் கொரேயாவுக்கு அப்போது 18 வயதுதான், இன்னும் கீழ்மட்டத்தில் வடக்கே ஆடிக்கொண்டிருந்தார்.

திட்டத்தை முழுவதுமாக நம்பிவிடாதீர்கள். அந்த 2013 அணியில் ஜே.டி. மார்ட்டினஸ் என்று ஒருவர் இருந்தார், .250 சராசரி, 7 ஹோம் ரன். குளிர்காலத்தில் தன் மட்டைவீச்சை அடியோடு மாற்றிக்கொண்டு வந்தார். 2014 மார்ச்சில் அவரை அணி விடுவித்துவிட்டது. அதே ஆண்டு டெட்ராய்டில் .315 அடித்து 23 ஹோம் ரன் எடுத்தார். மாறாக, 2013-இல் நாடு முழுவதற்குமான முதல் தேர்வாக அணி எடுத்த மார்க் அப்பெல் ஆஸ்ட்ரோஸுக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2022-இல், வேறொரு அணிக்காகத்தான் மேஜர் லீகில் முதன்முதலாக எறிந்தார். 2017-இல் அணி உலகத் தொடரை வென்றதை வைத்து 2013-ஐ நியாயப்படுத்துகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்த வெற்றியின் மேல், எதிரணியின் கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துச் சொன்ன சைகை திருட்டின் கறை இருக்கிறது, 2020-இல் லீக் அபராதமும் இடைநீக்கமும் விதித்தது. என் நோட்டில் இருக்கும் பையன்கள் பிறகு வந்த கோப்பைக்காகத் தோற்றவர்கள் இல்லை. அன்றன்றைக்கு முயன்று பார்த்தவர்கள். அவர்களை அந்த நாளுக்காகவே பார்த்தேன்.

செப்டம்பர்

செப்டம்பர் கடினம், அதை மறைக்கமாட்டேன். கடைசி 15 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றோம். இந்த நாட்களில் அட்டையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு ஒரே ஒரு வரி, இன்று நான் பார்த்த ஒரு நல்ல விஷயம் என்று. எங்கள் நோட்டில் ஒரு நாளைக்கு “5 எண் பாய்ந்து பிடித்தார்” என்று மட்டும் இருக்கிறது.

எதிரணிக்கும் கைதட்டப் பழகுங்கள். செப்டம்பர் 28, சனிக்கிழமை, யாங்கீஸ் அணியின் ஆண்டி பெட்டிட் எறிந்தார். 41 வயது, வாழ்நாளின் கடைசி ஆட்டம், பிள்ளைப் பருவத்தில் வளர்ந்த டியர் பார்க் அங்கிருந்து அரை மணி நேரத் தூரம். ஒன்பது இன்னிங்ஸும் அவரே எறிந்து 2-1 என்று எங்களைத் தோற்கடித்தார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. நாங்களும் நின்றோம்.

மறுநாள் கடைசி ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தபோது ஒன்றுக்கு ஒன்று. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மகளின் நோட்டில் பத்திகள் தீர்ந்துவிட்டன. டிக்கெட்டின் ஓரத்தை அளவுகோலாக வைத்து, பக்கத்தின் விளிம்பு வரை கோடு இழுத்து, பதின்மூன்றாவது பத்தியையும் பதினான்காவது பத்தியையும் அவளே போட்டுக்கொண்டாள். பதினான்காவதில் யாங்கீஸ் நான்கு ரன் எடுத்தது. எங்கள் முறை வந்தபோது அவள் பென்சிலைச் சீவிக்கொண்டு, அடுத்த பேட்டரின் கட்டத்தில் முதல் புள்ளி வைக்கத் தயாராகக் குனிந்திருந்தாள்.